பெரியவர்களுக்கு மெர்க்கல் செல் புற்றுநோய்: கீமோவா, இம்யூனோதெரபியா, கரண்டா (கதிர்வீச்சா)?

மெர்க்கல் செல் என்ற அரிய தோல் புற்றுநோய் கீமோவுக்குக் கரையும். அதில் சந்தேகம் வேண்டாம். தொடை இடுக்கில் எலுமிச்சை அளவு திரண்டிருந்த நெறிக்கட்டு, இரண்டாவது சுற்றுக்கு வரும்போது விரலால் தடவினால்தான் தெரியும் என்ற அளவுக்குச் சுருங்கிப்போவதும் உண்டு. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. கரைந்த கட்டி பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பிவிடும். திரும்பி வந்தது பழைய மருந்துக்கு முன்போல் பணிவதில்லை. எழுபது, எண்பது வயதுக்காரர் ஒருவருக்கு அந்தச் சில மாதங்களில் எத்தனை வாரம் நல்லபடியாக வாய்க்கும், எத்தனை வாரம் காய்ச்சலிலும் களைப்பிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கழியும் என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

நான் மருத்துவன் அல்ல. எங்கள் வேலூர்ப் பகுதி வட ஆர்க்காடு மாவட்டமாக இருந்த காலத்தில் மருந்தாளுநராக வேலைக்குச் சேர்ந்து, பிற்பாதி முழுவதும் கீமோ மருந்து கலக்கும் அறையில் கழித்து ஓய்வு பெற்றவன். அதனால் என் பார்வை மருந்துப் புட்டியின் பக்கத்திலிருந்து வருவது. அறுவை சிகிச்சை நுணுக்கங்களை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. 1972இல் சிரில் டோக்கர் என்ற நோயியல் மருத்துவர் ஐந்து நோயாளிகளை வைத்து இதை முதன்முதலில் விவரித்தார். 2008இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் யுவான் சாங், பாட்ரிக் மூர் குழுவினர் இந்தக் கட்டிகளுக்குள் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார்கள். மேலை நாடுகளில் ஐந்தில் நான்கு கட்டிகளுக்கு அந்த வைரஸ் காரணமாக இருக்கிறது. மீதிக்கு வெயிலின் புற ஊதாக் கதிர்கள். வெயில் என்றதும் வேலூர்க்காரர்கள் பதற வேண்டியதில்லை. வெளுத்த தோல் உள்ளவர்களிடம்தான் இது அதிகம். நம்மவர்களிடம் மிக மிக அரிது. வயதானவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல்.

நம் ஊரில் நாள் வீணாவது ஆரம்பத்திலேயே. சித்திரை, வைகாசியில் உடம்பில் எங்கே கட்டி வந்தாலும் அது வேனல் கட்டிதான் என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்; மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போடுவார்கள். வேனல் கட்டி வலிக்கும், பழுக்கும், உடையும். இது வலிக்காது. சிவப்பாகவோ ஊதாவாகவோ வழவழவென்று இருந்துகொண்டு வாரத்துக்கு வாரம் பெருக்கும். வலிக்காததாலேயே பாட்டி யாரிடமும் காட்டியிருக்க மாட்டார். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு வலியில்லாமல் வேகமாக வளரும் தோல் கட்டி எதுவானாலும் சதைப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

பரிசோதனை முடிவு வந்ததும் கீமோவைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். நுண்ணோக்கியில் இந்தச் செல்கள் நுரையீரலின் சிறுசெல் புற்றுநோய் போலவே இருக்கும். நிணநீர்ப் புற்றுநோயோடும் குழம்ப இடமுண்டு. சிகே20 என்ற சாயப் பரிசோதனை பாசிட்டிவ், டிடிஎஃப்1 நெகட்டிவ் என்று வந்தால் மெர்க்கல் பக்கம் சாயும். இந்த நோயை அடிக்கடி பார்த்திருக்கக்கூடிய பெரிய பரிசோதனைக் கூடத்துக்குக் சதையைப் பதித்த கண்ணாடித் துண்டுகளையும் மெழுகுக் கட்டையையும் அனுப்பி இரண்டாவது கருத்து வாங்குவது நல்லது. சிறிய செலவு. பெயர் தவறினால் பின்னால் எடுக்கும் எல்லா முடிவும் தவறும்.

இனி முடிவுகள். முதல் பிரிவினை நோய் எங்கே நிற்கிறது என்பது.

தோலிலும் பக்கத்து நெறியிலும் மட்டும் இருந்தால், அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும்தான் பிரதானம். கட்டியைச் சுற்றி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலோடு எடுப்பார்கள். நெறி பெரிதாகத் தெரியாவிட்டாலும் நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் காவல் நெறியை எடுத்துச் சோதிப்பார்கள், ஏனென்றால் வெளியில் தெரியாமலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நோய் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு கரண்ட் வைப்பார்கள். மயக்க மருந்தைத் தாங்க முடியாத பெரியவருக்கு அறுவை சிகிச்சையே இல்லாமல் கதிர்வீச்சு மட்டும் கொடுத்துப் பார்ப்பதும் முறைதான். இந்தக் கட்டி கதிருக்கு நன்றாகவே அடங்கும்.

இந்தக் கட்டத்தில் "பாதுகாப்புக்காக நாலு கீமோவும் போட்டுவிடலாமா?" என்று வீட்டாரே கேட்பார்கள். வேண்டாம் என்பது என் கட்சி. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து 6,908 நோயாளிகளை எடுத்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்ப நிலை நோய்க்கு அறுவைக்குப் பின் கதிர்வீச்சு பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்திருந்தார்கள். கீமோ பெற்றவர்களுக்கு அப்படி ஆதாயம் தெரியவில்லை. பதிவேட்டு ஆய்வுக்கு அதற்குரிய குறைகள் உண்டு. ஆனாலும் எண்பது வயதுக்காரருக்கு வெள்ளை அணுவை இறக்கும் மருந்தை, ஆதாயம் தெரியாத இடத்தில், மனத் திருப்திக்காக ஏற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நோய் தூரப் பரவிவிட்டால்தான் உண்மையான ஒப்பீடு தொடங்குகிறது. கல்லீரல், எலும்பு, தொலைவிலுள்ள நெறிகள், வேறிடத்துத் தோல் என்று பெட் ஸ்கேனில் புள்ளிகள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

கீமோ என்று இங்கே சொல்வது பெரும்பாலும் கார்போபிளாட்டின், எட்டோபோசைட் ஜோடியை. நுரையீரல் சிறுசெல் புற்றுநோயிலிருந்து இரவல் வாங்கிய முறை இது. முதல் நாள் இரண்டும் ஏறும். இரண்டாம், மூன்றாம் நாள் எட்டோபோசைட் மட்டும். 21 நாளுக்கு ஒருமுறை. நான்கிலிருந்து ஆறு சுற்று. கார்போபிளாட்டினுக்குப் பதில் சிஸ்பிளாட்டின் போடலாம், ஆனால் அது சிறுநீரகத்தையும் காதையும் பதம் பார்க்கும். லிட்டர் கணக்கில் டிரிப்ஸும் ஏற்ற வேண்டும். பெரியவர்களுக்கு அதைத் தவிர்ப்பதே வழக்கம்.

2016இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு, பரவிய மெர்க்கல் நோய்க்குக் கீமோ பெற்ற 62 பேரின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தது. முதல் முறை கீமோவில் 55 சதவீதம் பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. நோய் மறுபடி வளரத் தொடங்கிய காலத்தின் நடுமதிப்பு 94 நாள். அது பொய்த்தபின் கொடுத்த இரண்டாம் கட்டக் கீமோவில் 23 சதவீதம் பேருக்குப் பலன். காலம் 61 நாள். இந்த 94ஐக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். 21 நாளுக்கு ஒன்று என்றால் ஆறு சுற்று முடிய ஏறக்குறைய நான்கு மாதம். நோய் மூன்று மாதத்தில் திரும்புகிறது என்றால், பாதிப் பேருக்குச் சிகிச்சை அட்டவணை முடிவதற்குள்ளேயே ஆட்டம் மாறிவிடுகிறது. "ஆறு கீமோ முடித்துவிட்டால் நிம்மதி" என்று வீட்டில் பேசிக்கொள்வார்களே, அந்த நிம்மதி இந்த நோயில் பலருக்கு வருவதில்லை.

இம்யூனோதெரபி கதை வேறு. இந்த மருந்துகள் செல்லைக் கொல்வதில்லை. புற்றுநோய் போட்டுவைத்த பூட்டை அவிழ்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே ஏவிவிடுகின்றன. அவெலுமாப் 2017 மார்ச்சில் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே அனுமதி பெற்றது. கீமோ பொய்த்துப்போன 88 பேரிடம் சோதித்ததில் 33 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. கீமோவின் 55ஐவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த 88 பேரில் நான்கில் ஒருவர் ஐந்து ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். முதல் சிகிச்சையாகவே கொடுத்த 116 பேரில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. 2018 டிசம்பரில் அனுமதி பெற்ற பெம்ப்ரோலிசுமாப், 50 பேர் கொண்ட ஆய்வில் 56 சதவீதம் பேருக்கு வேலை செய்தது. மூன்று ஆண்டு முடிவில் பத்தில் ஆறு பேர் இருந்தார்கள். கீமோவில் கண்டிராத நீளம் இது. பலன் தெரியவும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. அவெலுமாப் ஆய்வில் பலன் கண்டவர்களுக்கு ஆறு வாரம் போல எடுத்தது.

கீமோவையும் இம்யூனோவையும் நேருக்கு நேர் நிறுத்திச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்த்த பெரிய ஆய்வு இல்லை. நோய் அவ்வளவு அரிது. மேலே சொன்ன எண்கள் அத்தனையும் பெரும்பாலும் வெள்ளையர்களிடம், அதிலும் ஆய்வில் சேரும் அளவுக்குத் தெம்பாக இருந்தவர்களிடம் எடுத்தவை. இருந்தாலும் இடைவெளி பெரிதாக இருப்பதால், உலகம் முழுதும் இப்போது இம்யூனோவைத்தான் முதலில் வைக்கிறார்கள். முன்பு கீமோ பெற்றவர்களுக்கு 33, பெறாதவர்களுக்கு 40 என்ற வித்தியாசத்தை வைத்து, கிடைக்கும் என்றால் முதலிலேயே இம்யூனோ என்பது எனக்கும் சரியாகப் படுகிறது.

ஆனால் "கிடைக்கும் என்றால்" என்பதில்தான் நம் மாவட்டம் நிற்கிறது. கார்போபிளாட்டினும் எட்டோபோசைட்டும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. ஒரு சுற்றுக்கு ஆயிரங்களில் முடியும். இம்யூனோ மருந்து ஒரு முறைக்கே லட்சங்களில் போகும், அதை இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாதக்கணக்கில் தொடர வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. கீமோவும் கதிர்வீச்சும் அதில் அடங்கும். இம்யூனோ அடங்குமா, எவ்வளவு அடங்கும் என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு, பதிலை வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து நிறுவனங்களின் உதவித் திட்டம் இருக்கிறதா என்று சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். நிலத்தை விற்று ஊசி போடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். விற்பதற்கு முன், எத்தனை ஊசிக்குப் பிறகு பலன் இல்லை என்றால் நிறுத்துவோம் என்பதை மருத்துவரிடம் பேசி முடித்துவிடுங்கள்.

குறைந்த அளவு இம்யூனோ பற்றியும் கேட்கிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையினர், வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் நிவோலுமாபை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுத்து 2023இல் முடிவு வெளியிட்டார்கள். வாய்வழிக் கீமோவோடு அதைச் சேர்த்தபோது ஓராண்டு உயிர்வாழ்ந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமானார்கள். நல்ல ஆய்வு, நம் நாட்டுக்கு ஏற்ற சிந்தனை. ஆனால் அது தலை, கழுத்துப் புற்றுநோயில் செய்தது. மெர்க்கலுக்கு அப்படியே பொருந்தும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். வேறு வழியில்லாத இடத்தில் மருத்துவர் யோசனையாக முன்வைத்தால் காது கொடுத்துக் கேட்கலாம்.

இம்யூனோவுக்கு வயது ஒரு தடை அல்ல. முடி கொட்டாது, வெள்ளை அணு சரியாது. எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கினால்தான் வினை: தைராய்டு, குடல், நுரையீரல், கல்லீரல் என்று எதையும் தொடலாம். விடாத வயிற்றுப்போக்கு, புதிதாக வந்த இருமல், மூச்சிரைப்பு எதையும் "வயசுக் கோளாறு" என்று விடக் கூடாது. அதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால் நீரிழிவு உள்ளவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவருக்கு இந்த மருந்து அந்தச் சிறுநீரகத்தையே காவு வாங்கக்கூடும். அவர்களுக்குத்தான் இந்த நோயும் அதிகம் என்பது கொடுமை.

இப்போது எனக்குத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன். பெரியவர்களுக்குக் கீமோ தப்பிப்போவதில் பெரும்பங்கு, வயதால் வருவதில்லை, அளவால் வருகிறது. 78 வயது, 42 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனைத் தாளில், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் 0.8. பக்கத்தில் "நார்மல்" என்று அச்சிட்டிருக்கும். மகன் நிம்மதியாக மடித்துப் பைக்குள் வைப்பார். ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. அவர் உடம்பில் தசையே கொஞ்சம்தான். வயது, எடை, பெண் என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால், 140இலிருந்து 78ஐக் கழித்து 42ஆல் பெருக்கி, 72ஐ 0.8ஆல் பெருக்கி வருவதால் வகுத்து, கடைசியில் 0.85ஆல் பெருக்க வேண்டும். சிறுநீரகம் ரத்தத்தை வடிக்கும் வேகம் நிமிடத்துக்கு 38 மில்லி என்று வரும். அதாவது சிறுநீரகம் வழக்கமான வேகத்தில் சரிபாதிகூட ஓடவில்லை.

கார்போபிளாட்டின் அளவு உடம்பின் பரப்பை வைத்துப் போடுவதில்லை. சிறுநீரக வேகத்தை வைத்துப் போடுவது. உடம்பில் மருந்து எவ்வளவு நிற்க வேண்டும் என்று மருத்துவர் குறிக்கும் இலக்கு எண்ணை, சிறுநீரக வேகத்தோடு 25ஐக் கூட்டி வருவதால் பெருக்க வேண்டும். இலக்கு 5 என்றால் இந்த மூதாட்டிக்கு 315 மில்லிகிராம். தாளிலுள்ள "நார்மல்" என்ற சொல்லை நம்பி 90 என்று வைத்துப் போட்டிருந்தால் 575. ஒரே ஆள், ஒரே நாள், ஏறக்குறைய இரண்டு மடங்கு மருந்து. எட்டோபோசைட்டும் ஓரளவு சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. வேகம் 50க்குக் கீழே இருந்தால் கால் பங்கு குறைப்பது விதி. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருந்தால் அந்த மருந்தின் வீரியம் இன்னும் கூடும். இவற்றையெல்லாம் பார்த்துத்தான் மருத்துவர் எழுதுவார், மருந்தாளுநர் சரிபார்ப்பார். ஆனாலும் "சிறுநீரக வேகம் எவ்வளவு வந்தது, அதற்கேற்ப அளவு குறைத்தீர்களா?" என்று நோயாளியின் மகள் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

இன்னொன்றும் மருந்து அறைக்குள் மட்டுமே பேசப்படுவது. எட்டோபோசைட்டைக் கொஞ்ச நீரில் அடர்த்தியாகக் கலந்தால் படிகம் படிகமாகப் பிரிந்து அடியில் நிற்கும். அதனால் 100 மில்லிகிராமை 500 மில்லி சலைனில் கரைத்து அனுப்புவோம். அதை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் மெல்ல இறக்க வேண்டும். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் "சீக்கிரம் விடுங்கள் சிஸ்டர்" என்று கேட்டு வேகமாக விட்டால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கும்; பெரியவர் எழுந்து நிற்கும்போது சரிந்துவிடுவார். இதயம் பலவீனமானவருக்கு மூன்று நாள் தொடர்ந்து அரை லிட்டர் உள்ளே போவதும் ஒரு சுமைதான். இத்தனையும் தாங்காதவருக்கு, 50 மில்லிகிராம் எட்டோபோசைட் கேப்ஸ்யூலை மட்டும் வாய்வழியாகக் கொடுத்து நோயைக் கொஞ்சம் பிடித்து வைப்பதும் உண்டு. ஜோடி மருந்தளவுக்கு எதிர்பார்க்க முடியாது. ஆனால் வீட்டிலிருந்தே சாப்பிடலாம். ரத்தப் பரிசோதனையை மட்டும் விடக் கூடாது.

தாங்குவாரா என்பதை எப்படி அறிவது? வயதுச் சான்றிதழ் சொல்லாது. 2011இல் ஆர்த்தி ஹுரியா என்ற மருத்துவரின் குழு அமெரிக்காவில் ஒரு கேள்விப் பட்டியல் வெளியிட்டது. வயது, ஹீமோகுளோபின், சிறுநீரக வேகம் ஆகியவற்றோடு வேறு சிலவும் அதில் உண்டு: காது நன்றாகக் கேட்கிறதா, கடந்த ஆறு மாதத்தில் கீழே விழுந்தாரா, மாத்திரையைத் தானே எடுத்துச் சாப்பிடுகிறாரா, ஒரு தெரு நீளம் நடக்க முடிகிறதா, வெளியே போய்ப் பழகுவது குறைந்துவிட்டதா. முதல் முறை படித்தபோது காதுக்கும் கீமோவுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். செவிலியர் சொல்வது காதில் விழாதவர், காய்ச்சல் வந்தால் உடனே வா என்றதையும் கேட்டிருக்க மாட்டார். ரேஷன் கடை வரை தானே நடந்து அரிசி வாங்கி வரும் 82 வயதுக்காரர், கட்டிலை விட்டு இறங்க ஆள் தேடும் 68 வயதுக்காரரைவிடக் கீமோவை நன்றாகத் தாங்குவார்.

கீமோ ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணு அடிமட்டத்தில் இருக்கும். அந்த வாரத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் அவசர நிலை. பாரசிட்டமால் கொடுத்துப் படுக்கவைத்து, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் விடியாமலே போய்விடலாம். பெரியவர்களுக்குக் காய்ச்சலே தெரியாமல் தொற்று முற்றுவதும் உண்டு. பேச்சு குழறும், சும்மா தூங்கிக்கொண்டே இருப்பார், சோறு வேண்டாம் என்பார். வேலூர் நகரத்துக்குள் இருப்பவர் ஆட்டோ பிடித்து வந்துவிடுவார். ஜவ்வாது மலை ஊர்களிலிருந்து, ஆலங்காயம், போளூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இரவு இரண்டு மணிக்கு எப்படி வருவார்கள்? கீமோ முடிவெடுக்கும்போதே இதற்கு விடை வேண்டும். தனியாக இருக்கும் பெரியவர் என்றால் அந்த ஒரு வாரத்துக்கு மகள் வீட்டிலோ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து லாட்ஜிலோ தங்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வெள்ளை அணுவை ஏற்றும் ஊசியைச் சேர்த்துப் போடலாமா என்று கேளுங்கள். அக்னி நட்சத்திரத்தில் தொடங்குவதாக இருந்தால் நீர் வற்றிச் சிறுநீரகம் இன்னும் தளரும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் கிரியாட்டினினைப் புதிதாகப் பார்க்க வேண்டும்.

கதிர்வீச்சை ஆரம்ப நிலைக்கு மட்டும் உரியது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். பரவிய நோயிலும் அதற்கு இடமுண்டு, பெரியவர்களுக்கு அது கீமோவைவிடச் சாதுவானது. தொல்லை தரும் கட்டிக்கு மட்டும் ஒரே ஒரு தடவை, 8 கிரே (கதிர்வீச்சின் அலகு) அளவு கரண்ட் வைத்த அமெரிக்க அனுபவம் 2015இல் வெளியானது. 26 பேரின் 93 கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சுருங்கின. ஒரு நாள் வேலை. முடி கொட்டாது, வெள்ளை அணு பெரிதாக இறங்காது. வேறிடத்துக் கட்டிகளை அது தொடாது என்பது உண்மைதான். ஆனால் பாட்டிக்கு நடக்கவிடாமல் தொல்லை தருவது தொடை இடுக்குக் கட்டி ஒன்றே என்றால், அதை மட்டும் அடக்கிவிட்டு மற்றதைக் கவனித்துக்கொண்டிருப்பது முழு நியாயமான சிகிச்சை. வேலூர் சிஎம்சி, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று கதிர்வீச்சு உள்ள இடங்கள் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை.

ஆக, என் தராசு இப்படிச் சாய்கிறது. ஓரளவு நடமாட்டம் உள்ள, மாற்று உறுப்பு இல்லாத பெரியவர், மருந்துக்கு வழியும் இருக்கிறது என்றால் இம்யூனோ முதலில். தொல்லைக் கட்டிக்குக் கரண்ட் துணை. மருந்துக்கு வழியில்லை, நோய் ஓரிரு இடத்தில்தான் என்றால் கதிர்வீச்சை முன்னால் வைத்துக் கீமோவைக் கையிருப்பாக வைத்திருப்பேன். மூச்சுக் குழாயை அழுத்தும் கட்டி, கல்லீரல் நிறைய நோய், வாரங்களுக்குள் சுருங்கியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி, இம்யூனோ போட்டும் நோய் மீறிவிட்டது, மாற்றுச் சிறுநீரகம் இருக்கிறது: இங்கெல்லாம் கீமோதான் கைகொடுக்கும், அளவைச் சரியாகப் போட்டால் எண்பதிலும் கைகொடுக்கும். படுக்கையோடு இருப்பவர், நாளின் பெரும்பகுதி தூக்கத்தில் போகிறவர், சாப்பாடு இறங்காதவர் ஆகியோருக்குக் கீமோ வேண்டாம். உறவினர் கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும் வேண்டாம்.

உறவினர் என்றதும் ஒன்று. நம் பக்கத்தில் பைல் மகன் கையில் இருக்கும், பேச்சு மருமகன் பேசுவார், பெரியவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் சார், தாங்க மாட்டார்" என்பார்கள். மூன்று நாள் டிரிப்ஸ் ஏறி, முடி கொட்டி, வாய் வெந்துபோகும் ஒருவருக்குத் தன் நோய் தெரியாது என்று நினைப்பது யாரை ஏமாற்ற? ஆற்காடு பக்கத்துப் பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு ரெண்டு மாதம் நடமாட்டம் வேண்டும் சார். சப்-ரிஜிஸ்தரார் ஆபீஸுக்குப் போய்ப் பாகப்பிரிவினை எழுதிவிட்டால் பசங்கள் அடித்துக்கொள்ள மாட்டார்கள்" என்றார். அவருக்குக் கீமோ நியாயம். சில மாதம் என்பது அவருக்குப் போதுமான காலம். அவர் கேட்டதும் அதுதான். இன்னொருவர் மாட்டையும் கொட்டகையையும் விட்டு மூன்று நாள் வெளியே தங்க முடியாது என்று கரண்டோடு நிறுத்திக்கொண்டார். அதுவும் நியாயம். அவர்களைக் கேட்காமல் வீட்டார் முடிவெடுத்திருந்தால் இரண்டும் தலைகீழாகியிருக்கும்.

கீமோ என்று முடிவானால், இரண்டு சுற்றுக்குப் பின் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கட்டி அசையவில்லை என்றால் மூன்றாவது சுற்று வேண்டாம் என்பதை முதல் நாளே பேசி பைலில் எழுதவைத்துவிடுங்கள். நடுவில் நிறுத்துவது கைவிடுவது போலத் தோன்றி, பலன் இல்லை என்று தெரிந்தும் ஆறு வரை இழுத்துக்கொண்டு போகிற வீடுகள் அதிகம்.

வலி நிவாரணச் சிகிச்சையை இந்த வழிகளுக்கெல்லாம் கடைசியில் வைக்காதீர்கள். எந்த வழியில் போனாலும் முதல் நாளிலிருந்து கூடவே வரட்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இந்தக் கவனிப்பைத் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்துவைக்கலாம். மார்பின் மாத்திரை எழுதிக்கொடுத்தால் பயப்பட வேண்டாம், மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிட்டால் பெரியவர் அடிமையாகிவிட மாட்டார். அது மலத்தை மட்டும் நிச்சயமாகக் கட்டும். அதனால் முதல் மாத்திரை தொடங்கும் அன்றே மலமிளக்கியையும் சேர்த்து எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்தில் அதை எழுத மறந்துபோவதும் உண்டு.